துறை என்றொரு சொல்

ஆற்று வெள்ளத்தைத் தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலும் விருந்தினராகவே வரவேற்றுப் பாடியுள்ளனர். வையை பெருகிய நாளைப் பரிபாடல் விழாவாகக் கொண்டாடுகிறது. பொருநை எனப் பழம்பெயர் கொண்ட நம் தாமிரபரணியில் புதுவெள்ளம் வரும் காட்சியை முக்கூடற்பள்ளு விரித்துரைக்கிறது. சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் முக்கூடலே அந்நூலின் களம். உமறுப்புலவரோ சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்து, அங்கும் மேகம் கடல்நீர் முகந்து மலையில் பொழிவதாகவும், வெள்ளம் திணைநிலங்களைக் கடந்து வயலில் பாய்வதாகவும் பாடினார். பாலை மணலிலும் பசுமையைக் காணும் கண்ணை எட்டயபுரத்துப் புலவருக்கு இம்மண்ணும் இம்மொழியும் தந்திருந்தன.

இப்பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்துகிறோம். மாணவரும் பொருள் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் வெள்ளம் என்னும் சொல்லின் முழுப்பொருளை நாம் உணர்ந்தது 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில்தான். அவ்வெள்ளம் வடியத் தொடங்கிய நாளொன்றில் நெல்லை மாநகரின் ஆற்றங்கரை நெடுக நடந்தபோது கண்டவற்றையும் கருதியவற்றையும் இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பெய்த மழை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக் கடற்பகுதியின் மேல் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் தென்மாவட்டங்களில் இரவு பகலாக மழை கொட்டியது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழகத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ இவ்வளவுதான். ஆண்டு முழுவதற்கும் உரிய நீர் ஒரே நாளில் இறங்கினால் எந்த வாய்க்கால் தாங்கும்? எந்தக் குளம் கொள்ளும்? காயல்பட்டினத்தில் வாழும் நம் உறவினரோடு மூன்று நாள்கள் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. அவர்கள் நலமாக இருக்கின்றனர் என்ற செய்தி வந்தபின்னரே வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

"அணைகள் இருந்துமா இவ்வெள்ளம்?" எனப் பலர் வினவினர். வினா நியாயமானதே. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகள் மலையடிவாரத்தில் உள்ளன. அவை தமக்கு மேலே பெய்யும் மழையைத்தான் பிடித்து வைக்க முடியும். அணைகள் நிறைந்துவிட்டாலோ வரும் நீரை வந்தபடியே விட வேண்டியதுதான். அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையோ பச்சையாறு முதலிய துணையாறுகள் வழியாகவும் எண்ணற்ற ஓடைகள் வழியாகவும் ஆற்றில் வந்து சேர்கிறது. இம்முறை மலையில் மட்டுமன்றிச் சமவெளியிலும் கடற்கரையிலும் ஒருங்கே மழை கொட்டியது. ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்குப் பாயும் வகையில் சங்கிலிபோல் அமைந்தவை நம் நாட்டுக் குளங்கள். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், இடையிலுள்ள ஓடை அடைபட்டாலும், தெருவே ஓடையாகிவிடும். அன்று பல ஊர்களில் நிகழ்ந்தது இதுவே.

கொக்கிரகுளத்தில்

டிசம்பர் 21, வியாழக்கிழமை. நம் துறையின் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் நான்கு நாள்களாக அலைபேசி அழைப்புக்கு மறுமொழி தரவில்லை. அவர் வீடு மீனாட்சிபுரத்தில் ஆற்றை ஒட்டிய சந்தொன்றில் உள்ளது. அவரைத் தேடி நாமும் மாணவர் இருவரும் வண்ணார்பேட்டையிலிருந்து நடந்து புறப்பட்டோம். கையில் ரொட்டியும், குடிநீரும், மாற்றுடை சிலவும் இருந்தன.

வெயில் எறித்தது. நான்கு நாள் முன்பு வானம் அப்படிப் பொழிந்தது என்று சொன்னால் நம்புவாரில்லை. ஆனால் தெரு பொய் சொல்லவில்லை. கடைக்காரர்கள் கடைக்குள்ளிருந்து சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்டிக் கொண்டிருந்தனர். நனைந்து ஊதிய அரிசி மூட்டையிலிருந்து புளித்த வாடை எழுந்தது. மெத்தைகள், தலையணைகள், பள்ளிப் பைகள், குளிர்சாதனப் பெட்டிகள் யாவும் வாசலில் கிடந்தன. ஒவ்வொரு சுவரிலும் நீர் நின்ற அளவைக் காட்டும் பழுப்புக் கோடு ஒன்று, நூல் பிடித்து வரைந்தாற்போல் ஒரே மட்டத்தில் ஓடியது.

கொக்கிரகுளத்தை அடைந்தோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே அவ்வெள்ளத்தில் நீர் சூழ நின்றது. உடன் வந்த மாணவர் ஒருவர், "ஐயா, இவ்விடத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறதே!" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ, வியந்து சொன்னாரோ, அறியோம். ஆனால் அச்சொல் நம் நடையை நிறுத்தியது. நாம் எண்ணிப் பார்த்தோம். கொக்கிரகுளம். புதிய பேருந்து நிலையம் அமைந்த வேய்ந்தான்குளம். ஆற்றோரத்தில் சிந்துபூந்துறை, குறுக்குத்துறை, கருப்பந்துறை. நாள்தோறும் பேருந்தின் நெற்றியில் படிக்கும் பெயர்கள். கடிதத்தின் மேல் எழுதும் பெயர்கள். அவை ஒவ்வொன்றும் நீரின் இருப்பிடத்தை நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன.

குளம் என்றால் நீர் நிற்கும் இடம். துறை என்றால் மனிதன் நீருக்குள் இறங்கும் இடம். குளிக்கவும், துவைக்கவும், நீர் மொண்டு செல்லவும் இறங்கிய இடமே துறை. இறங்கியவன் வேலை முடிந்ததும் கரையேறி வீடு திரும்பினான். இறங்குமிடம் வேறு, இருக்குமிடம் வேறு என்று வகுத்துப் பெயரிட்ட மக்களின் வழிவந்தோர் நாம்.

பாலத்தின் மேல்

கொக்கிரகுளத்திலிருந்து சுலோசன முதலியார் பாலத்தின் மேல் ஏறினோம். முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடையாக அளித்துக் கட்டுவித்து, 1843ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாலம் இது. மக்கள் கூட்டம் கைப்பிடிச் சுவரைப் பற்றியவாறு கீழே நோக்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் ஆறு இன்னும் விரைந்தே ஓடியது. வேரோடு பெயர்ந்த வாழைகளும், ஆகாயத்தாமரைக் குவியலும், யார் வீட்டுக் கதவோ ஒன்றும் தூண்களில் சிக்கிக் கிடந்தன.

அப்பாலத்தின் அகன்ற வளைவுகளைக் கண்டபோது, அன்றைய கட்டுமானத்தார் கோடைக்காலத்து ஆற்றை மட்டும் பார்த்து அதனைக் கட்டவில்லை என்பது விளங்கியது. முழங்கால் அளவு நீர் ஓடும் ஆற்றுக்கு இத்தனை அகலம் எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டிருக்கலாம். என்றோ ஒருநாள் வரும் பெருநீருக்கும் இடம் ஒதுக்கி வைத்ததனால் அப்பாலம் நூற்றாண்டு கடந்தும் மக்களைச் சுமக்கிறது.

பாலத்தின் மேற்குக் கரையில் மேலப்பாளையத்து இளைஞர் சிலர் சிற்றுந்து ஒன்றில் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வழங்கிக்கொண்டிருந்தனர். வாங்குவோரிடம் பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. "எத்தனை பேருக்கு வேணும் அண்ணாச்சி?" என்பது ஒன்றே கேள்வி. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணியர் அங்கே சிக்கிக்கொண்டதும், வெள்ளத்தில் தாமே தவித்த சுற்றுவட்டார மக்கள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்ததும் நாடறிந்த செய்தி. பொருநைக் கரையின் பண்பு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படவில்லை என்பதில் நாம் பெருமிதம் கொள்ளலாம்.

மீனாட்சிபுரத்து வீடு

மாணவரின் சந்தில் கணுக்காலுக்கு மேல் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். வீட்டு வாசலில் அவருடைய தாயார் பீடி இலைகளைச் சாக்கின் மேல் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். இலைகள் கறுத்துவிட்டன, தூள் முழுவதும் கரைந்து போயிற்று. இலையும் தூளும் கடையில் கணக்கெழுதி வாங்கி வந்தவை. சுற்றிய பீடி திரும்பிச் சேராவிட்டால் அக்கணக்கு யார் தலையில் விழும் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

மொட்டை மாடியில் மாணவரைக் கண்டோம். செங்கல் துண்டுகளைப் பாரம் வைத்துப் புத்தகங்களை விரித்திருந்தார். சொல்லதிகார உரைநூல் நீர் குடித்து இருமடங்கு பருத்திருந்தது. இரண்டரை ஆண்டுகளாக எழுதிய வகுப்புக் குறிப்பேடுகளில் மை கரைந்து பக்கமெல்லாம் நீலமாகக் கிடந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். சற்று நேரம் பேசவில்லை.

"ஐயா, இனி படிப்பு வேண்டாம்னு பார்க்கிறேன். திருப்பூருக்குப் போனா வேலை கிடைக்குமாம். அம்மா ஒருத்தியா எவ்வளவுதான் பார்ப்பா?" என்றார்.

கீழேயிருந்து தாயார் கேட்டுவிட்டார் போலும். "சார், நீங்க சொன்னாக் கேப்பான். இவன் படிச்சு முடிக்கட்டும்னுதான் நான் கண்ணு முழிச்சு பீடி சுத்துனேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

அவ்வீட்டில் முதிய ஆச்சி ஒருவர் இருந்தார். அவர் மட்டும் கலங்காதிருந்தார். உள்ளறைச் சுவரின் அருகே நம்மை அழைத்துச் சென்று, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "தொண்ணூத்திரண்டுல இம்புட்டுக்கு வந்துச்சு தம்பி. இப்ப அதுக்கு ஒரு சாண் கீழ நின்னுட்டு. அடுத்தாப்ல எம்புட்டுன்னு யாரு கண்டா?" என்றார்.

1992ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இதே ஆற்றில் வந்த பெருவெள்ளத்தையே அவர் குறித்தார். நாம் உற்று நோக்கினோம். சுவரில் எந்தக் கோடும் இல்லை. பல முறை வெள்ளையடித்ததில் மறைந்துவிட்டது. அந்த அளவு ஆச்சியின் விரல்நுனியில் மட்டுமே எஞ்சியிருந்தது. 1992க்குப் பின்னர் அச்சந்தில் வாடகைக்குக் குடிவந்தோர் பலர். அவர்களுக்கு அவ்வளவைச் சொல்வார் யாருமில்லை. சொல்லியிருந்தால் கட்டிலின் கீழே வைத்த பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பரணில் ஏற்றியிருப்பார்கள் அல்லவா?

"இந்த வீட்டை விட்டு மேட்டுப் பகுதிக்குப் போய்விடலாமே" என்று தாயாரிடம் கேட்டோம். "போலாம் சார். அங்க வாடகை ரெண்டு மடங்கு. அட்வான்ஸுக்கு எங்க போக?" என்றார். இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆற்றுப் படுகையில் குடியிருக்கலாகாது என்று மேடையில் முழங்குவது எளிது. படுகையில் வாழ்வோர் பலர் அங்கே விரும்பி வந்தவர் அல்லர். மலிவான இடம் அதுவாக இருந்தமையால் வந்தவர் என்பதை அறிவுரை வழங்குவோர் மறத்தலாகாது.

குறுக்குத்துறையில்

மாணவரையும் உடன் அழைத்துக்கொண்டு குறுக்குத்துறை வரை நடந்தோம். அங்கே ஆற்றின் நடுவே முருகன் கோயில் ஒன்று உள்ளது. வெள்ளம் வரும்போதெல்லாம் அக்கோயில் நீரில் மூழ்கும். வடிந்ததும் கழுவித் தூய்மை செய்து மீண்டும் வழிபாடு தொடங்குவர். நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முனைபோல் கூர்மையாகக் கட்டப்பட்டிருப்பதால் வெள்ளம் இருபுறமும் பிரிந்து செல்கிறது. பெருவெள்ளம் வரும் குறி தோன்றியதும் உற்சவத் திருமேனியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவது வழக்கம்.

கரையில் நின்று நெடுநேரம் நோக்கினோம். நாம் தொழும் முறை வேறு. ஆயினும் அக்கட்டடத்தை எழுப்பியோரின் அறிவைப் போற்ற அது தடையாவதில்லை. ஆற்றைத் தடுக்கும் சுவரை அவர்கள் கட்டவில்லை. ஆறு வரும் என்று ஒப்புக்கொண்டு, அது வந்து போவதற்கு வழிவிட்டுக் கட்டினர். எதை நிலையாக வைப்பது, எதை மேட்டுக்குத் தூக்கிச் செல்வது என்பதையும் முன்னரே முடிவு செய்து வைத்திருந்தனர். ஆற்றின் நடுவே நிற்கும் கற்கட்டடம் இத்தனை வெள்ளங்களுக்குப் பின்னும் நிற்கிறது. ஆற்றிலிருந்து விலகிக் கட்டிய நம் சுற்றுச்சுவர்கள் பல இடங்களில் சரிந்து கிடக்கின்றன. இவ்வேறுபாட்டைப் பொறியியல் மாணவர் மட்டுமன்றித் தமிழ் மாணவரும் சிந்தித்தல் வேண்டும்.

அங்கு நின்றபோது மாணவரை நோக்கி, "துறை என்பதன் பொருள் என்ன?" என வினவினோம். வகுப்பில் கேட்கும் கேள்வி என்று எண்ணினாரோ என்னவோ, அவர் முகத்தில் நான்கு நாள்களில் முதன்முறையாகச் சிறு புன்னகை அரும்பியது. "நீரில் இறங்குமிடம் ஐயா. அகத்துறை, புறத்துறை என்றும் வரும்" என்றார். சற்று நிறுத்தி, "தமிழ்த்துறை என்றும் வரும்" என்று சேர்த்தார்.

"உங்கள் ஆச்சி விரலால் காட்டிய அளவை எழுதி வைத்திருப்பது யார்?" என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு சுவரையும் நின்று பார்த்துக்கொண்டே வந்தார்.

காலில் ஒட்டிய வண்டல்

வீட்டுக்குத் திரும்பிக் கால் கழுவும்போது வண்டல் எளிதில் போகவில்லை. பொதிகையிலிருந்து இறங்கி வந்த மண் அது. இம்மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் கிடக்கிறது. தாமிரபரணி கொணர்ந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்க, கொற்கை தன் துறையை இழந்தது. பின்னர்ப் பழைய காயல் துறைமுகமாயிற்று. மார்க்கோ போலோ குறித்துச் சென்ற அப்பெருந்துறையும் காலப்போக்கில் தூர்ந்தது. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் நூலாக்கிய கால்டுவெல் இதனை விளக்கிக் காட்டியுள்ளார். கடலின் கரையையே நகர்த்திய ஆறு இது. அதன் படுகையில் நாலடிச் சுவரை எழுப்பிவிட்டு, இனி வாராது என்று இருந்துவிடலாமா?

நாம் செய்யத்தக்கவை

2024 சனவரியில் கல்லூரி திறந்ததும் நம் துறை மாணவர் சிலர் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து ஆற்றோரத் தெருக்களுக்குச் சென்றனர். வீட்டு முதியோரைக் கண்டு 1992இன் அளவையும் 2023இன் அளவையும் கேட்டு எழுதினர். முதியோர் அடிக்கணக்கு சொல்லவில்லை. "சன்னலின் மூன்றாவது கம்பி", "மாடக்குழியின் அடி", "மாமியார் படம் மாட்டிய ஆணி" என்றே சொன்னார்கள். மாணவர்கள் அவற்றை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொண்டனர். அதே போழ்தில் ஓடை, மடை, மறுகால், கலிங்கு, படுகை, திட்டு எனத் தெருக்களிலும் பழைய பத்திரங்களிலும் வழங்கும் நீர்ச்சொற்களையும் தொகுத்தனர். அப்பணியை முன்னின்று நடத்தியவர் திருப்பூர் செல்லவிருந்த அம்மாணவரே. அவருடைய உடன்பயில்வோர் தம் குறிப்பேடுகளைப் பங்கிட்டுப் படியெடுத்துக் கொடுத்தனர். தாயாரின் பீடிக் கணக்கை ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து தீர்த்தனர். அவர் அவ்வாண்டே இறுதித் தேர்வு எழுதித் தேறினார். குடும்பம் இன்னமும் அதே சந்தில்தான் வாழ்கிறது. ஆனால் பத்திரங்களும் சான்றிதழ்களும் இப்போது பரணில் உள்ளன.

ஊர்ப் பெரியவர்களிடமும் ஆட்சிப் பொறுப்பில் உள்ளோரிடமும் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள்கள் இரண்டு. ஒன்று, ஆற்றோரத் தெரு ஒவ்வொன்றிலும் வெள்ளம் நின்ற அளவையும் ஆண்டையும் பொறித்த கல் ஒன்றை நட வேண்டும். வெள்ளையடித்து மறைக்க முடியாத கல்லாக அது இருத்தல் வேண்டும். புதிதாகக் குடிவருவோர் அதனைப் பார்த்துத் தம் பொருளை எங்கே வைப்பது என்று அறிந்துகொள்வர். மற்றொன்று, படுகையில் வாழும் ஏழை மக்களை அகற்றுவதாயின், அவர்களின் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகிலேயே மேட்டு நிலத்தில் இடம் தந்து அகற்ற வேண்டும். தொலைவில் கொண்டுபோய் விட்டால் வயிற்றுப்பாட்டுக்காக மீண்டும் கரைக்கே வந்து சேர்வார்கள்.

மாணவச் செல்வங்களே! தமிழ் படித்து என்ன பயன் என்று உங்களிடம் பலர் கேட்கக்கூடும். ஓர் ஊரின் பெயரில் குளம் என்றும் துறை என்றும் இருப்பதைக் கேட்டவுடன், அங்கே நீர் எங்கிருந்து வரும், எங்கே நிற்கும், எங்கே போகும் என்று வினவத் தெரிந்தவர் தமிழ் படித்தவரே. சொல்லை மறந்த நகரம் தன் ஆற்றையும் மறந்துவிடும். ஆறு தன் வழியை மறப்பதில்லை. உங்கள் வீட்டு முதியோரிடம் இன்றே அமர்ந்து, அவர்கள் கண்ட வெள்ளத்தின் அளவைக் கேட்டு, ஆண்டோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். நம் தமிழ்த்துறையின் ஏட்டில் அதற்கென்று ஒரு பகுதி ஒதுக்கியுள்ளோம், கொணர்ந்து சேருங்கள்.